வலிக்கு அக்குபங்சர்: முதல் முறை போகிறவர்களுக்கு

சேலத்தில் வலி பெரும்பாலும் தொழிலோடு வருகிறது. அம்மாபேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு இடுப்பு. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் நாளெல்லாம் தலை குனிந்து வேலை செய்கிறவருக்குக் கழுத்து. விசைத்தறிக் கூடத்தில் ஷிப்டு முழுக்க நிற்கிறவருக்குக் குதிகால். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவருக்குத் தோள், காப்பி மூட்டையோடு சரிவில் இறங்குகிறவருக்கு முட்டி. மருந்து ஊசியும் மாத்திரையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, யாரோ சொல்ல, கடைசியில்தான் மருந்தில்லாத மெல்லிய ஊசிகளைக் குத்துகிற அக்குபங்சர் பக்கம் வருகிறார்கள்.

வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: "எத்தனை தடவையில் சரியாகும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வலி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஒரே இடுப்பு, ஒரே ஊசி என்றாலும் பத்து நாள் வலிக்கும் பத்து மாத வலிக்கும் சிகிச்சை வேறு. ஊசி போடும் இடம், போடுகிற வேகம், எதிர்பார்க்கிற பலன் எல்லாமே மாறும். இதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் "எனக்கு அக்குபங்சர் கேட்கலை" என்று திரும்புகிறார்கள்.

நாள் கணக்கு

வலி தொடங்கிய தேதியை நினைவுபடுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான தேதி தெரியாவிட்டால் "ஆடிப் பண்டிகைக்கு முன்னால்", "காப்பி எடுப்பு முடிந்த பிறகு" என்று அடையாளம் வைத்தாலும் போதும்.

முதல் 6 வாரம் வரை உள்ளது புதிய வலி. தசையோ தசைநாரோ அடிபட்டால் முதல் சில நாட்கள் வீக்கம், சூடு, சிவப்பு இருக்கும். உடம்பு அங்கே ரத்தத்தையும் பழுது பார்க்கும் செல்களையும் அனுப்புகிற நேரம் அது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் புது இழைகள் உருவாகின்றன. அவை முறுக்கேறி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்றாவது நாளில் வலிப்பது கோளாறு இல்லை, வேலை நடக்கிறது என்று பொருள். புதிதாக வந்த சாதாரண இடுப்புப் பிடிப்பில் பெரும்பாலானவை எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில வாரங்களில் கணிசமாகக் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் ஊசி போட்டிருந்தால் ஊசிக்கும், கஷாயம் குடித்திருந்தால் கஷாயத்துக்கும் பேர் போய்ச் சேரும்.

6 முதல் 12 வாரம் வரை நடுக்கட்டம். காயம் பெரும்பாலும் ஆறியிருக்கும், ஆனால் உடம்பு இன்னும் பயந்து ஒதுங்கி நடக்கும். குனியப் பயம், வலிக்கும் காலில் பாரம் வைக்கப் பயம். தசை இளைக்கத் தொடங்குவதும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து இன்னொரு முட்டியையும் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். அக்குபங்சருக்கு வருவதென்றால் எங்கள் கணிப்பில் நல்ல நேரம் இதுதான். ஆனால் யாரும் இப்போது வருவதில்லை. "தானா போயிடும்" என்று இன்னும் காத்திருப்பார்கள்.

3 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, போய்ப் போய்த் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாள்பட்ட வலிக்குத் தனித் தலைப்பே உண்டு, எல்லையும் இதே 3 மாதம்தான். இந்தக் கட்டத்தில் வலி வெறும் எச்சரிக்கை மணி இல்லை. நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. கோயில் பண்டிகை ஒலிபெருக்கியில் வால்யூமை ஏற்றிவைத்துவிட்டுப் போனால் மெதுவாகப் பேசினாலும் ஊரே அதிருமே, அந்த நிலை. சேலை முந்தானை பட்டாலே எரிகிறது, லேசாக அழுத்தினால் கூட உயிர் போகிறது என்பார்கள். நடிப்பு இல்லை, நிஜமாகவே அப்படித்தான் இருக்கும்.

இதற்கு அடியில் இருக்கும் உடற்கூறு எளிமையானது. கல்லில் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒரு வலி, கொஞ்சம் கழித்து மந்தமாக ஒரு கடுப்பு. முதலாவதைக் கொண்டுபோவது ஏ-டெல்டா நரம்பிழை, வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவது சி இழை, வினாடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். இரண்டும் முதுகுத்தண்டில் போய்ச் சேரும் இடத்தில் கதவு போன்ற ஒரு தடுப்பு இருக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் சொன்னார்கள். இடித்த இடத்தைக் கையால் தேய்த்தால் வலி குறைவது அதனால்தான்: தொடு உணர்வு போகும் தடித்த இழைகள் அந்தத் தடுப்பை மூட உதவுகின்றன. மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதைகளும் அதை மூடவோ திறக்கவோ செய்யும். தூக்கமின்மை, பயம், கடன் கவலை எல்லாம் திறந்துவிடும் பக்கம்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. "டிஸ்க் விலகியிருக்கு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. ரிப்போர்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வலியோடும் நடையோடும் சேர்த்து வாசிக்க ஒருவர் வேண்டும்.

வலியை எப்படிச் சொல்வது

"வலிக்குது" என்று மட்டும் சொன்னால் சிகிச்சை தருகிறவர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். நம் ஊரில் வலிக்கு இருக்கிற சொற்கள் நல்ல துல்லியமானவை, அவற்றையே பயன்படுத்துங்கள். அசைத்தால் சுளீரென்று பிடித்து, அசையாவிட்டால் அடங்குவது பெரும்பாலும் தசை, மூட்டுச் சங்கதி. பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இழுப்பது, எரிவது, மதமதப்பது, எறும்பு ஊர்வது இவையெல்லாம் நரம்பு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் மடங்காமல் இறுகியிருந்தால் அது வாத நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. வீங்கிச் சூடாக விண்விண்ணென்று தெறித்தால் சீழோ கிருமியோ இருக்கக்கூடும், அங்கே ஊசியைக் கொண்டுபோகவே கூடாது. இடம் மாறி மாறி உடம்பு முழுக்கக் குடைந்து, தூக்கமும் கெட்டு, பரிசோதனை எல்லாம் சரியாக வந்தால், மேலே சொன்ன வால்யூம் ஏறிய வகை.

சர்க்கரை நோய் இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பாதம் மரத்திருப்பது, தோள் இறுகுவது இரண்டுக்கும் அது காரணமாக இருக்கலாம்.

ஊசி வேண்டாம், நேரே மருத்துவமனை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அக்குபங்சர் அறைக்குப் போகாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். மலையில் இருந்தால் 108ஐ அழையுங்கள்.

- நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை. "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் இதில் ஆளைக் கொல்வது.
- இடுப்பு வலியோடு சிறுநீர் போவது தெரியாமை, மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கு மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுதல்.
- முதுகு வலியோடு மாலைக் காய்ச்சல், உடம்பு இளைத்தல். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் உண்டு.
- ஏணியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பிறகு வந்த வலி. முதலில் எக்ஸ்ரே.
- வாழ்நாளில் வராத அளவுக்குத் திடீர்த் தலைவலி.
- ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல். ரத்தக் கட்டியாக இருக்கலாம், அமுக்கிவிடவும் கூடாது.
- முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி, இரவில் படுத்தாலும் குறையாத வலி.

ஊசி செய்வது என்ன, செய்யாதது என்ன

அக்குபங்சர் ஊசிக்கு உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. கனம் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர், நீளம் 25 அல்லது 40 மில்லிமீட்டர். ரத்தம் எடுக்கிற ஊசியின் கனம் சுமார் 0.8 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும்.

சீனப் பாரம்பரியம் இதைச் சக்தி ஓடும் 14 நாளங்களாகவும் 361 புள்ளிகளாகவும் விளக்குகிறது. நாளங்களுக்குப் பெரும்பாலும் உறுப்புகளின் பெயர், புள்ளிகளுக்கு எண்: பெருங்குடல் 4 என்றால் பெருங்குடல் நாளத்தின் நான்காவது புள்ளி. அந்தப் பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 1991இல் ஒழுங்குபடுத்தியது. நரம்பியல் வேறு மொழியில் பேசுகிறது: ஊசி அந்த இடத்தில் அடினோசின் வெளிவரத் தூண்டுகிறது, முதுகுத்தண்டின் தடுப்பைப் பாதிக்கிறது, மூளையில் எண்டார்பின் சுரக்க வைக்கிறது. அடினோசினும் எண்டார்பினும் வலியைக் குறைக்கும் உடம்பின் சொந்த வேதிப்பொருட்கள்.

பலன் எவ்வளவு? நாள்பட்ட இடுப்பு, கழுத்து, தோள், முட்டித் தேய்மானம், தலைவலி ஆகியவற்றில் 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். அக்குபங்சர் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. ஓராண்டு கழித்தும் பலனில் பெரும்பகுதி நின்றது. ஆனால் ஒப்பீட்டுக்காகப் பேருக்குப் போடும் போலி ஊசி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதுதான். அதனால் நாட்டுக்கு நாடு முடிவு மாறுகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல் இடுப்பு வலிக்கு ஊசியையும் ஒரு வழியாகச் சொல்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்பு வலிக்கு வேண்டாம் என்றது, 2021இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. நடைமுறையில் இதன் பொருள்: ஊசி வலியைக் குறைத்து, நடக்கவும் பயிற்சி செய்யவும் ஒரு வாசலைத் திறக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது, கிழிந்த தசைநாரை ஒட்டவைக்காது, சர்க்கரையைக் குணமாக்காது.

யாரிடம் போவது

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற பலகையின் கீழ் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று ஊசி. இன்னொன்று நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புகிற தொடுசிகிச்சை. மேலே சொன்ன ஆய்வுகள் ஊசிக்கு உரியவை, தொடுதலுக்கு அவற்றைச் சாட்சியாகக் காட்டக்கூடாது. தொடுதலால் நேரடித் தீங்கு வராது. தீங்கு வருவது, கூடவே வரும் அறிவுரையால்: "மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க." இன்சுலின், ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, இதய மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மத்திய அரசு 2019இல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதனால் சுவரில் மாட்டிய எல்லாச் சான்றிதழும் ஒரே தரம் ஆகிவிடாது. ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு படித்தவர்கள் பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் கற்கிறார்கள். சில வலி மருத்துவர்களும் எலும்பு மருத்துவர்களும் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். வார இறுதி வகுப்பில் முடித்தவர்களும் இருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு, யார் மேற்பார்வையில் ஊசி போட்டுப் பழகினீர்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அறையில் கண்ணால் பார்க்க வேண்டியவை: ஊசி உறையை உங்கள் முன்னால் கிழிக்கிறாரா, உறையில் கிருமிநீக்கத் தேதி இருக்கிறதா, கை கழுவுகிறாரா, எடுத்த ஊசி வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவுக்குப் போகிறதா. உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016 கூர்மையான பொருட்களுக்குச் சொல்கிற டப்பா அதுதான். "உங்க ஊசியை உங்க பேர் போட்டு எடுத்து வைக்கிறோம், அடுத்த தடவையும் அதையே போடலாம்" என்று சொன்னால் வேண்டாம். ஒரு ஊசி ஒரு தடவைக்குத்தான். மஞ்சள்காமாலை பி வைரஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும்.

முதல் நாள்

வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் மூன்று இட்லி அளவுக்கு லேசாகச் சாப்பிட்டிருந்தால் சரி. வயிறு முட்டச் சாப்பிட்டுக் குப்புறப் படுப்பதும் சிரமம். ஆடியில் விரதம் இருக்கும் நாளிலும், இரவு ஷிப்டு முடித்து நேராகவும் ஊசிக்குப் போக வேண்டாம். மயக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பசியோ களைப்போ பயமோ உள்ளவர்கள்தான். முழங்கால், முழங்கை வரை சுருட்டிவிடக்கூடிய தளர்ந்த உடை போதும். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டை எடுத்துப் போங்கள். மெடிக்கலில் பேர் சொல்லாமல் கட்டிக்கொடுத்த "செட்" மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் காட்டுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கமும் வலியும் மறைந்து கட்டத்தைக் கணிக்க முடியாமல் போகும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கட்டாயம் சொல்ல வேண்டியவை: கர்ப்பம், ரத்தம் இளக்கும் மாத்திரை, ரத்தம் உறையாத கோளாறு, பேஸ்மேக்கர், செயற்கை இதய வால்வு, வலிப்பு, மார்பகப் புற்று அறுவைக்குப் பின் வீங்கிய கை. இவை இருந்தால் ஊசியே கூடாது என்றில்லை. பேஸ்மேக்கருக்கு மின்சாரம் கொடுக்கும் ஊசி கூடாது, வீங்கிய கையில் ஊசி கூடாது, ரத்தம் இளக்கும் மாத்திரைக்கு ஆழக் குத்தக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாடு. கர்ப்பத்தில் பெருங்குடல் 4, மண்ணீரல் 6 ஆகிய புள்ளிகளை மரபாகவே தவிர்க்கிறார்கள்.

முதல் தடவை உட்கார வைத்து ஊசி போடச் சம்மதிக்காதீர்கள், படுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் அது காயும் வரை பொறுக்க வேண்டும், ஈரத்தில் குத்தினால் எரியும். சிறிய பிளாஸ்டிக் குழாயை வைத்து ஊசியின் தலையைத் தட்டுவார்கள். தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்த மாதிரி. பிறகு ஆழம் போனதும் கனமாக, மரமரப்பாக, உள்ளே கடுப்பது போல ஓர் உணர்வு பரவும். வர வேண்டியது அதுதான். சுரீரென்று மின்சாரம் ஓடினால் நரம்பில் பட்டிருக்கிறது, உடனே சொல்லுங்கள், கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார்கள். தாங்கிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

முதல் நாளில் ஊசிகள் குறைவாக, 4 முதல் 8க்குள் இருப்பது நல்லது. 15 நிமிடம் போதும். அடுத்தடுத்த தடவைகளில் 20 முதல் 30 நிமிடம். எடுத்த பிறகு எண்ணச் சொல்லுங்கள்: போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை. தலைமுடிக்குள்ளும் போர்வைக்கு அடியிலும் ஊசி மறந்துபோவது நடக்கிற காரியம்தான்.

முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். சிலருக்குத் தூக்கம் சொக்கும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்கு டூவீலரில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறாமல் பஸ்ஸில் போவது புத்திசாலித்தனம். அன்று மாலையும் மறுநாளும் வலி சற்று கூடலாம், ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். இரண்டு நாளுக்கு மேல் கூடியே இருந்தால் அடுத்த தடவை அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

கட்டத்துக்கு ஏற்ற ஊசி

புதிய வலியில் வீங்கிய இடத்தில் குத்துவதில்லை. தூரத்தில் குத்துவார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வருகிறவருக்குப் புறங்கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நேரான எலும்புகளுக்கு நடுவிலும், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நேரானவற்றின் நடுவிலும் இரண்டு புள்ளிகள் உண்டு. மணிக்கட்டுக்கும் விரல் முட்டிக்கும் பாதித் தூரம். அங்கே ஊசியைப் போட்டுவிட்டு, ஊசி இருக்கும்போதே மெதுவாக இடுப்பை அசைக்கச் சொல்வார்கள். முட்டிக்குப் பின் மடிப்பின் நடுவில் உள்ள சிறுநீர்ப்பை 40 இதற்குத் துணை. வாரம் 2 அல்லது 3 தடவை, ஒன்றிரண்டு வாரம். அதற்கு மேல் இழுப்பது பெரும்பாலும் தேவைப்படாது. நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பது கூடாது, ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை இடுப்பை இன்னும் இறுக்கும்.

நடுக்கட்டத்தில் அந்த இடத்திலும் தூரத்திலும் சேர்த்துக் குத்துவார்கள். வாரம் ஒன்றிரண்டு தடவை, 3 முதல் 4 வாரம். கூடவே பயிற்சி இல்லையென்றால் பணம் வீண். ஊசி முடிந்த அடுத்த சில மணி நேரம் வலி குறைந்திருக்கும், நடையையும் நீட்டல் பயிற்சியையும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்கி "சரியாயிடுச்சா" என்று சோதிக்க அது நேரமில்லை. வலி குறைந்த வேகத்தில் தசை வலுப்பெறாது.

நாள்பட்ட வலிக்கு வாரம் ஒரு தடவை, 6 முதல் 8 வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று தள்ளிப்போடுவது வழக்கம். முட்டித் தேய்மானத்துக்குச் சில்லின் கீழ் இருபுறமும் உள்ள குழிகள், அவற்றுக்குக் கீழே வயிறு 36, வெளிப்பக்கம் பித்தப்பை 34, உட்பக்கம் மண்ணீரல் 9. சீட்டில் இவற்றை எஸ்டி 36, ஜிபி 34, எஸ்பி 9 என்று எழுதியிருப்பார்கள். ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் கொடுப்பதும் உண்டு. 2 முதல் 4 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை துடிப்பு) என்றால் டுக் டுக்கென்று தசை துடிக்கும், பலன் மெதுவாக வந்து நீடிக்கும். 80 முதல் 100 ஹெர்ட்ஸ் என்றால் விர்ரென்று இருக்கும், சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பவர்களும் உண்டு. கம்பிகளை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டக்கூடாது.

உடம்பெல்லாம் வலிக்கிற, தொட்டாலே துடிக்கிற வகைக்குக் குறைவான ஊசி, மெல்லிய ஊசி, லேசான தூண்டல். இங்கே "நல்லா பலமா போடுங்க" என்று கேட்பது எரிகிற அடுப்பில் எண்ணெய்தான். தூக்கம் சரியாகாமல் இந்த வலி இறங்குவதும் இல்லை.

தோள் இறுக்கம் தனிக் கதை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதற்கே மூன்று கட்டம் உண்டு. முதல் 2 முதல் 9 மாதம் வலி ஏறிக்கொண்டே போகும், இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. அடுத்து 4 முதல் 12 மாதம் வலி குறைந்து தோள் உறைந்து நிற்கும், சட்டை மாட்ட முடியாது, கொண்டை போட முடியாது. பிறகு 5 முதல் 24 மாதத்தில் மெல்ல இளகும். ஊசி முதல் கட்டத்தின் இரவு வலிக்கு உதவலாம். உறைந்த கட்டத்தில் எத்தனை ஊசி போட்டாலும் கை ஒரே வாரத்தில் தலைக்கு மேல் போகாது. "பத்து சிட்டிங்கில் கையைத் தூக்க வைக்கிறேன்" என்ற உத்தரவாதத்தை நம்பாதீர்கள். முதல் கட்டத்தில் கையை முரட்டுத்தனமாக இழுத்துவிடும் வைத்தியமும் வேண்டாம்.

எங்கே தவறுகிறது

சின்னத் துளி ரத்தம், நாணய அளவு கன்றிப்போதல் சாதாரணம். பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் போதும், தேய்க்கக் கூடாது.

ஊசி இருக்கும்போது வியர்த்து, வாந்தி வருகிற மாதிரி, கண் இருட்டினால் வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லா ஊசியையும் எடுத்து, படுக்க வைத்து, காலைத் தூக்கி வைப்பார்கள். தெளிந்த பிறகு சர்க்கரை கலந்த வெந்நீர். சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

ஊசி எடுக்க வராமல் சிக்கிக்கொள்வது இன்னொன்று. தசை பயத்தில் இறுகிப் பிடித்திருக்கும், அல்லது ஊசியை ஒரே பக்கமாகச் சுற்றியதில் நார் சுருண்டிருக்கும். பிடுங்கக் கூடாது. ஊசி இருக்கும்போது இருமி, திரும்பிப் படுத்தால் இது நடக்கும், வளையவும் செய்யும். கொஞ்ச நேரம் விட்டு, சுற்றிலும் தடவி, பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டால் பிடி தளரும்.

அரிதானது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது, நுரையீரலில் காற்றுக் கசிவு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதை, மேல்முதுகு, மார்பு இங்கெல்லாம் ஊசி செங்குத்தாக ஆழம் போனால் நுரையீரல் உறையைத் தொட்டுவிடும். ஒல்லியானவர்களுக்கு ஆபத்து அதிகம். அறிகுறி உடனே வர வேண்டியதில்லை, சில மணி நேரம் கழித்தும் வரலாம்: மூச்சிழுத்தால் குத்தல், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல். அப்படியானால் எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், "இன்றைக்கு முதுகில் அக்குபங்சர் ஊசி போட்டேன்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது. மலைக் கிராமங்களிலிருந்து கழுத்து, மேல்முதுகு வலிக்கு வருகிறவர்கள் காலை நேரத்தில் சிகிச்சை எடுத்து, சந்தை வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டு, மாலை பஸ்ஸில் ஏறுவது நல்லது.

சர்க்கரையால் மரத்த பாதத்தில் மாக்சா சூடு (உலர்ந்த மூலிகையை எரித்துப் புள்ளியில் காட்டும் சூடு) வைக்கவே வேண்டாம். சுடுவது தெரியாது. கொப்புளம் புண்ணாகி விரல் போகிற வரைக்கும் போகும்.

வீட்டில் ஊசி இல்லாமல்

ஊசியை வாங்கி நீங்களே குத்திக்கொள்வது கூடாது. அழுத்தலாம். அளவுக்கு உங்கள் கட்டைவிரலின் அகலமே ஓர் அலகு, நான்கு விரல் சேர்ந்தால் மூன்று அலகு. வயிறு 36: முட்டியை மடக்கி, சில்லின் கீழ் வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. பெருங்குடல் 4: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கைச் சதை மேடு, தலைவலி, பல்வலிக்கு. கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம். தலைவலியோடு கழுத்தும் இறுகினால் பித்தப்பை 20: மண்டையோட்டின் அடியில், நடு எலும்பின் இருபுறமும் உள்ள குழிகள். இனிய வலி வரும் அளவு அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம். நகம் படக்கூடாது, ரப்பர் வைத்த பென்சில் முனை உதவும். ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் அழுத்திக் கன்றவைக்க வேண்டாம்.

கணக்கு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, 0 முதல் 10க்குள் வலியின் எண், இரவுத் தூக்க மணி, முடிந்த ஒரு வேலை. கடைசியில் சொன்ன வேலைதான் முக்கியம். "வலி குறைஞ்ச மாதிரி இருக்கு" என்பதற்கு அளவு கிடையாது. "ஒரு மணி நேரம் எழாமல் தறியில் இருந்தேன்", "கைப்பிடி பிடிக்காமல் மாடி இறங்கினேன்", "பட்டறையில் மாத்திரை போடாமல் மதியம் வரை" என்று எழுதுங்கள்.

வலியின் எண் 2 புள்ளியோ, தொடக்கத்திலிருந்து 30 சதவீதமோ இறங்கினால் உண்மையான மாற்றம். 7லிருந்து 6 ஆனதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். நான்கு தடவை முடிந்ததும் நோட்டைச் சிகிச்சை தருகிறவரிடம் காட்டுங்கள். எண்ணோ தூக்கமோ வேலையோ ஒன்றுமே அசையாவிட்டால் புள்ளிகளையோ முறையையோ மாற்றச் சொல்லுங்கள். எட்டாவதிலும் அப்படியே இருந்தால் நிறுத்திவிட்டு நோயறிதலையே திரும்பப் பார்க்க வேண்டும், வேறு மருத்துவரிடம். இருபது சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் கட்டியவர்களால் இந்த இடத்தில் எழுந்து வர முடிவதில்லை. ஆகவே அந்தந்தத் தடவைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

பலன் தெரிந்தால் வேலைப் பருவத்தைப் பார்த்து இடைவெளியை அமையுங்கள். காப்பி எடுப்பும் மிளகும் சேர்ந்து வரும் மாதங்களில் முட்டியும் தோளும் திரும்பப் பிடிக்கும். அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே பயிற்சியைக் கூட்டி, தேவையானால் ஒன்றிரண்டு ஊசித் தடவைகளை வைத்துக்கொள்ளலாம். தறிக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்கள் அப்படி. பலகையின் உயரம், மிதியின் தூரம், பட்டறையில் உட்காரும் மணை, மூட்டையின் எடை இவற்றில் எதையும் மாற்றாமல் ஊசியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் நோட்டில் எண் இறங்குவதும் அடுத்த மாதம் அதே இடத்துக்கு ஏறுவதுமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு வரிசை நோட்டில் தெரிந்தால் அடுத்த செலவை ஊசிக்குச் செய்யாமல் உட்காரும் பலகைக்குச் செய்யுங்கள்.